லூகர் பி.08 வாங்கலாமா? எண், நிறம், முத்திரை பார்த்து ஒரு மதிப்பீடு

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளில் லூகர் பி.08 அளவுக்கு ஆசைப்பட்டு வாங்கப்படுவது வேறில்லை. வாங்கியபின் தலையில் கைவைக்க வைப்பதும் அதுதான். ஏலப் பட்டியலில் "எல்லா எண்ணும் பொருந்தியது, அசல் நீலம்" என்று போட்டிருக்கும். (நீலம் என்பது துருப் பிடிக்காமலிருக்க எஃகின்மேல் ஆலை ஏற்றும் நிறம்.) கையில் எடுத்துக் கழற்றிப் பார்த்தால் பாதிப் பாகம் வேறொரு துப்பாக்கியினுடையதாக இருக்கும், நீலம் பத்து வருடத்துக்கு முன் யாரோ தொட்டியில் முக்கியதாக இருக்கும். ஆகவே இங்கே துப்பாக்கியின் பெருமையைவிட அதன் உலோகத்தை எப்படி வாசிப்பது என்பதற்கே அதிக இடம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் முறையாக ஒரு லூகர் வாங்குபவருக்கு, 1916 முதல் 1918 வரையிலான டி.டபிள்யூ.எம். (பெர்லினில் இருந்த தனியார் ஆயுத ஆலை) அல்லது எர்ஃபுர்ட் (அரசு ஆயுத ஆலை) தயாரிப்பில், எண்கள் பொருந்தி, நீலம் ஓரங்களில் தேய்ந்து பழுப்பாகிப்போன ஒன்று கிடைத்தால் அதுவே நல்ல வாங்கல். புதிது போல் மின்னும் முதல் உலகப்போர் லூகர் மலிவாகக் கிடைத்தால் அதை மேசையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ஹூகோ போர்ஷார்ட்டின் 1893ஆம் ஆண்டு பிஸ்டலைத் திருத்திச் சிறிதாக்கியவர் கேயோர்க் லூகர். 1900இல் சுவிட்சர்லாந்து ராணுவம் 7.65 மி.மீ. தோட்டாவுடன் இதை ஏற்றது. 1904இல் ஜெர்மன் கடற்படை 9 மி.மீ. தோட்டாவுடன் எடுத்துக்கொண்டது. 1908இல் தரைப்படை ஏற்றபோதுதான் பி.08 என்ற பெயர் வந்தது. குழல் 100 மி.மீ., மேகசினில் 8 தோட்டா, எடை சுமார் 870 கிராம். சுட்டதும் குழலும் அது பொருந்தியிருக்கும் மேல்பகுதியான ரிசீவரும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் வரும். அப்போது குழலின் பின்வாயைப் பூட்டும் மடக்கு மூட்டான டாகிளின் இரு பக்கக் குமிழ்களும் சட்டகத்தின் சரிவில் ஏறி, மடக்கிய முழங்காலைப்போல் டாகிள் மேலே உடையும், காலிக்கூடு வெளியே விழும். இந்த முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் பாகங்களை ஆலையில் அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்தினார்கள். அப்படிப் பொருத்திய பாகம் இன்னொரு துப்பாக்கிக்குப் போய்விடக் கூடாது என்றுதான் சிறு பாகம் ஒவ்வொன்றிலும் எண் அடித்தார்கள். சேகரிப்பாளர் எண்ணைப் பார்த்து விலை பேசுவதற்கும் அடிப்படை இதுவே.

எண்கள்

ராணுவ லூகரில் முழு வரிசை எண் மூன்று இடத்தில் இருக்கும்: சட்டகத்தின் முன்பக்கம் குழலுக்குக் கீழே, ரிசீவரின் இடப்பக்கம், குழலின் அடிப்பக்கம். சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்: டாகிளின் நடுத்துண்டு, பின்துண்டு, போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் நின்று குழலறையை மூடும் துண்டு), எக்ஸ்ட்ராக்டர் (காலிக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி), சியர் பட்டை (சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் பட்டை), விசை, பக்கத் தகடு, கழற்றும் நெம்பு, சேஃப்டி நெம்பு, கடைசித் தோட்டா முடிந்ததும் டாகிளைத் திறந்தே நிறுத்தும் தாழ். கைப்பிடிப் பலகைகளின் உட்புறத்திலும் அதே இரண்டு இலக்கம் அடித்திருக்கும். வணிகத்துக்கு விற்ற லூகர்களில் சிறு பாகங்களின் எண் வெளியே தெரியாதபடி அடிப்பக்கத்தில் இருக்கும். ராணுவத்துடையதில் கண்ணுக்கு நேரே இருக்கும். விற்பவர் ராணுவத் துப்பாக்கி என்கிறார், பக்கத் தகட்டிலும் கழற்றும் நெம்பிலும் வெளியே எண்ணே இல்லை என்றால் அங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டும்.

இரண்டு இலக்கப் பொருத்தத்தை அளவுக்கு மீறி நம்புகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 00 முதல் 99 வரை நூறே வாய்ப்புகள். உதிரிப் பாகக்காரரின் பெட்டியில் நூறு எக்ஸ்ட்ராக்டர் இருந்தால் உங்கள் எண்ணுக்குரியது அதில் ஒன்று கிடைத்துவிடலாம். அதனால் "இலக்கம் சரி" என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பாகத்தின் நிறமும் தேய்மானமும் பக்கத்துப் பாகத்தோடு ஒத்துப்போகிறதா, அதில் உள்ள ஆய்வு முத்திரை அதே ஆலையுடையதா என்று பார்க்க வேண்டும். டி.டபிள்யூ.எம். சட்டகத்தில் கிரீட முத்திரைகள் நிறைந்த எர்ஃபுர்ட் பாகம் உட்கார்ந்திருந்தால், இலக்கம் பொருந்தினாலும் அது வந்தேறி.

முழு எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ஆலை 10,000 வரை எண்ணிவிட்டு, அடுத்த சுற்றை ஏ என்ற சிறிய எழுத்தோடு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அது முடிந்தால் பி. புது வருடம் பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே 4317 என்ற எண் ஒரே வருடத்தில் பல துப்பாக்கிகளில் இருந்திருக்கும். குழலை ஒப்பிடும்போது நாலு இலக்கத்தோடு அந்த எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். சட்டகத்தின் முன்னால் எண்ணுக்குக் கீழே தனியாக நிற்கும் அந்த எழுத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. விற்பனைப் படங்களில் கட்டைவிரல் மறைப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

எண்ணை அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதும் நடக்கிறது. இதைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பத்து மடங்கு லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த ஒரு சின்ன டார்ச்சும் போதும். அரைத்த இடம் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை தாழ்ந்து, ஒளி அங்கே வளைந்து விழும். அசல் அடியில் இலக்கத்தின் விளிம்பில் உலோகம் லேசாக எழும்பி நிற்கும். எண் அடித்தபின் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் அந்த எழும்பல் போய்விட்டிருக்கும். ஒரே துப்பாக்கியில் 4, 7 போன்ற இலக்கங்களின் வடிவத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் பலன் தரும். சிறு பாகங்களில் ஒரு 7 நேர்கோடாகவும் இன்னொரு 7 வளைந்தும் இருந்தால் இரண்டு வெவ்வேறு கை, இரண்டு வெவ்வேறு அச்சு.

குழல் மாற்றப்பட்டதா என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. குழலும் ரிசீவரும் சேரும் இடத்தின் அடியில், இரண்டின் மேலும் ஓடும்படி உளியால் போட்ட ஒரு கோடு. இரண்டு பாதியும் ஒரே நேர்கோட்டில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே 8,82 அல்லது 8,83 என்பது போன்ற ஓர் எண் தெரியும். ஜெர்மானியர்கள் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். சிலர் அதையும் வரிசை எண் என்று நினைத்து, "பொருந்தவில்லையே" என்று நல்ல துப்பாக்கியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நிறம்

விலையை எண் பாதி தீர்மானிக்கிறது, மீதியை நிறம். இதில் 1937 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தைய லூகர்களுக்குத் துருநீலம்: உலோகத்தில் கட்டுப்படுத்தித் துருவேற்றி, கொதிநீரில் காட்டி, துலக்கி, மறுபடி துருவேற்றி, பல சுற்றில் வரும் நிறம். அது ஆழமாக, சற்றே சாம்பல் கலந்து, தேயும்போது ஓரத்தில் மெதுவாகப் பழுப்புக்கு மாறும். 1937 வாக்கில் மவுசர் ஆலை சூடான உப்புக் கரைசலில் முக்கும் முறைக்கு மாறியது. அது கறுப்பு கலந்த நீலம், வழவழப்பு அதிகம், தேய்ந்தால் பழுப்பாகாமல் வெள்ளி போல் பளிச்சிடும்.

துருநீலக் காலத்தில் விசை, கழற்றும் நெம்பு, சேஃப்டி நெம்பு, காலிக்கூட்டைத் தட்டிவிடும் பாகம், மேகசின் பொத்தான் ஆகியவற்றைச் சூடுகாட்டி வைக்கோல் நிறத்தில் விட்டார்கள். 1917 தேதியிட்ட ஒன்றில் இவையெல்லாம் நீலமாக இருந்தால் முழுத் துப்பாக்கியும் ஒரு தொட்டிக்குள் போய்வந்திருக்கிறது. பிற்காலத்தில் திரும்பச் சூடுகாட்டிப் போடும் வைக்கோல் நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பித்தளை போல் மஞ்சளாக, ஒரே சீராக, விரல் படும் இடத்தில்கூடத் தேயாமல் இருக்கும். நூறு வருடம் பயன்பட்ட விசையில் விரல் பட்ட இடம் வெளிறிச் சாம்பலாகியிருக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது குழலின் வாய். துருநீலக் காலத்தில் அதன் முகப்பை நிறமிடாமல் வெள்ளையாகவே விட்டார்கள். அது நீலமாக இருந்தால் மறுநீலம் என்ற சந்தேகம் வலுக்கிறது. அந்தக் காலத்துச் சட்டகத்தின் உட்புறமும் அப்படியே: உப்புத் தொட்டியில் முக்கினால் நிறம் சந்துபொந்தெல்லாம் ஏறிவிடும், துருநீலத்தில் உள்ளே அப்படி ஏறுவதில்லை. பிறகு ஆலை முத்திரை. டாகிளில் பின்னிக்கிடக்கும் டி.டபிள்யூ.எம். எழுத்துகளின் மெல்லிய கோடுகள் கூர்மையாக நிற்க வேண்டும். மெருகுச் சக்கரம் பட்டிருந்தால் அவை சோப்புத்துண்டில் கீறிய எழுத்து போல் மழுங்கியிருக்கும். ஊசித் துளைகளின் விளிம்பு கிண்ணம் போல் குழிந்திருப்பதும், தட்டையாக இருக்க வேண்டிய பக்கங்களில் அலை தெரிவதும் அதே சக்கரத்தின் வேலை. துருக்குழிகளின் அடியில் நீலம் இருந்தால் வாதமே வேண்டாம். துரு வந்து குழி விழுந்தபின் நிறம் போட்டிருக்கிறார்கள்.

கைப்பிடிப் பலகையைக் கழற்றி அதன் அடியில் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. வியர்வை இறங்கித் தங்கும் இடம் அது. வெளியே நல்ல நீலம், உள்ளே குழிவிழுந்த துரு என்பது லூகரில் சர்வசாதாரணம்.

மறுநீலம் போட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பு மதிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். வெள்ளைக்காரர் ஒருவர் பழைய செட்டிநாட்டுக் கதவை வாங்கி, சந்தோஷமாக எனாமல் பெயின்ட் அடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைகள்

கைசர் (ஜெர்மன் பேரரசர்) காலத்து ரிசீவரின் வலப்பக்கத்தில் கிரீடத்துக்குக் கீழ் எழுத்து கொண்ட ஆய்வாளர் முத்திரைகளும், சோதனைச் சூடு முடிந்ததற்கான கழுகும் இருக்கும். எர்ஃபுர்ட் அரசு ஆலைக்கு ஒரு வெறி: அநேகமாக எல்லாச் சிறு பாகத்திலும் கிரீட முத்திரை. 1918 எர்ஃபுர்ட்டில் வேலைப்பாடு சொரசொரப்பு, அரத்தின் தடம்கூடத் தெரியும். ஆனால் எங்கு திருப்பினாலும் முத்திரை. அவ்வளவையும் போலியாக அடிக்க யாருக்கும் பொறுமையில்லை என்பதால், அசல் என்று துணிந்து சொல்லக்கூடிய லூகர்களில் எர்ஃபுர்ட்டுக்கு முன்னிடம். வேலைப்பாட்டின் நேர்த்தி வேண்டுமென்றால் போருக்கு முந்தைய டி.டபிள்யூ.எம். அல்லது முப்பதுகளின் நடுவில் வந்த மவுசர்.

ரிசீவரின் மேல் இரண்டு தேதி இருந்தால் பயப்பட வேண்டாம். 1918க்கு மேலே 1920 என்று இருப்பது, போருக்குப்பின் வந்த ஜெர்மன் குடியரசான வைமார் அரசு தன் உடைமை என்று காட்ட அடித்தது. அந்தப் படைக்கிடங்குகளில் பாகங்கள் மாறியதும் உண்டு. அந்த மாற்றம் வரலாற்றின் பகுதி. பொருந்தாத எண்ணுக்கு விலை குறைத்துக் கேட்கலாம், போலி என்று சொல்ல முடியாது. காவல்துறைக்குப் போனவற்றில் கைப்பிடியின் முன்பட்டையில் பிரிவு முத்திரையும், முப்பதுகளில் சேர்த்த கூடுதல் சியர் பூட்டும் இருக்கும். பூட்டைக் கழற்றிவிட்டு ராணுவத்துடையது என்று விற்பவர்கள் உண்டு, அதன் துளை ரிசீவரில் அப்படியே நிற்கும்.

மவுசர் காலத்தைக் குறியீட்டை வைத்தே அடையாளம் காணலாம். 1930இல் லூகர் தயாரிப்பு ஓபர்ன்டோர்ஃபில் உள்ள மவுசர் ஆலைக்கு மாறியது. ஜெர்மனியின் ஆயுதத் தயாரிப்பைக் கட்டுப்படுத்திய வெர்சாய் ஒப்பந்தத்தை மீறுவதை மறைக்க டாகிளில் ஆலைப்பெயருக்குப் பதில் எஸ்/42 என்று அடித்தார்கள். தேதிக்குப் பதில் 1934க்கு கே, 1935க்கு ஜி. 1936 முதல் வருடத்தையே போட்டார்கள். பிறகு வெறும் 42, கடைசியில் 1941, 42இல் பி.ஒய்.எஃப். ஆய்வுக் கழுகின் கீழ் முதலில் 63, பின்னர் 655, கடைசியில் 135. டாகிளில் பி.ஒய்.எஃப். இருந்து கழுகின் கீழ் 63 இருந்தால் ரிசீவரும் டாகிளும் பிறப்பிலேயே சேர்ந்தவை அல்ல.

எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்

பி.ஒய்.எஃப். 41, 42 லூகர்களில் கறுப்பு பேக்கலைட் கைப்பிடி போட்டவற்றை "பிளாக் விடோ" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஜெர்மன் ராணுவத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது, அமெரிக்க வியாபாரிகள் வைத்தது. கைப்பிடி மாற்ற இரண்டு திருகாணி போதும், நகல் பலகைகளும் ஏராளம். சாதாரண பி.ஒய்.எஃப். விலைக்கு மேல் ஒரு டாலர்கூட அந்தப் பெயருக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

பீரங்கிப் படைக்கென்று 1913இல் ஏற்ற நீளக்குழல் லூகர் தனி அழகு: 200 மி.மீ. குழல், 800 மீட்டர் வரை குறித்த பின்குறி (குறிபார்க்கும் பின்பக்க அமைப்பு), தோளில் முட்டும் மரக்கட்டை மாட்டும் வசதி, பிற்பாடு நத்தைக்கூடு போல் உருண்ட 32 தோட்டா மேகசின். 800 மீட்டர் என்பது நம்பிக்கையின் அளவு, துல்லியத்தின் அளவு இல்லை. விலை அதிகம் என்பதால் போலியும் அதிகம், சாதாரண ரிசீவரில் நீளக்குழலை முறுக்கி விற்கிறார்கள். அசலில் பின்குறிக்கு இடம் கொடுக்க ரிசீவரின் முன்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் வெட்டு இருப்பது மட்டும் போதாது, எர்ஃபுர்ட்டில் அத்தகைய ரிசீவரைச் சாதாரண பி.08க்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1914 எர்ஃபுர்ட் பீரங்கி லூகர் அரிது, அதைப் புகைப்படம் பார்த்து வாங்கக் கூடாது.

கடற்படை லூகருக்கு 150 மி.மீ. குழல், டாகிளின் பின்னால் 100, 200 மீட்டருக்கு இரண்டு நிலைக் குறி. போலிகள் மலிந்த வகை. சென்னைக்காரர்களுக்கு "எம்டன்" என்றால் காது நிமிரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய அந்த ஜெர்மன் போர்க்கப்பல் காலத்தில் ஜெர்மன் கடற்படையின் கைத்துப்பாக்கி இந்த வகைதான். ஆனால் "எம்டன் மாலுமியுடையது" என்று யாராவது கடற்படை லூகரை நீட்டினால், வரிசை எண் எழுதிய அந்தக் காலத்துத் தாள் எங்கே என்பதுதான் ஒரே கேள்வி. பொதுவாக எந்த லூகருக்கும், அதைப் போரில் கைப்பற்றி வந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு ராணுவம் கொடுத்த அனுமதித்தாளில் எண் இருந்தால் அதற்கு விலை உண்டு. வாய்வழிக் கதைக்குக் கிடையாது.

கிரீகோஃப் ஆலை விமானப்படைக்குச் செய்தது 10,000 அளவிலான ஒப்பந்தம்தான், விலை பல மடங்கு. நிபுணர் ஒருவர் நேரில் கழற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டிய பொருள் அல்ல. சோவியத் கைப்பற்றி மறுபடி நிறமிட்டவை இதற்கு நேர் எதிர்: எல்லாம் ஒரே கறுநீலம், வைக்கோல் நிறமே இருக்காது, சட்டகத்தில் பெரும்பாலும் ஒரு பெருக்கல் குறி, பாகங்களில் மின் ஊசியால் கீறிய எண். சுட்டு மகிழ ஏற்றவை, சேகரிப்புக்கு அடித்தட்டு.

விலையில் விகிதம் நினைவில் இருந்தால் போதும். எண் பொருந்தி அசல் நிறமுள்ள ஒன்றின் விலை நூறு என்றால், எண் பொருந்தாதது ஐம்பதை ஒட்டி, மறுநீலமும் சேர்ந்தால் அதற்கும் கீழே. ஒரே ஒரு சிறு பாகம், எக்ஸ்ட்ராக்டர் மாதிரி, மாறியிருந்தால் அவ்வளவு இறக்க வேண்டாம். 1968க்குப்பின் அமெரிக்காவுக்குள் வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயர் கீறியிருக்கும், அதற்கும் ஒரு கழிவு உண்டு.

மேகசின் தனி உலகம். பழையவற்றின் அடிக்கட்டை மரம், அதில் துப்பாக்கியின் எண்ணும் எழுத்தும் அடித்திருக்கும். உபரி மேகசின் என்றால் கூடவே ஒரு கூட்டல் குறி. மவுசர் காலத்தில் அலுமினிய அடி, ஹேனல் ஆலையின் எஃப்.எக்ஸ்.ஓ. குறியீடு. எண் பொருந்திய ஒரு மேகசினே விலையை ஏற்றும், கூட்டல் குறியுள்ளதும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். மர அடியை மட்டும் மாற்றி எண் அடித்தார்களா என்று, மரத்தின் அழுக்கும் தகட்டின் தேய்மானமும் ஒரே வயதா என்று பாருங்கள். தோலுறைக்கும் அதே விதி: உள்ளே ஆலைப்பெயரும் வருடமும், தையல் நூல் அந்தக் காலத்தது, கருவி வைக்கும் பையும் அதில் லூகருக்கென்ற மரைதிருப்பியும் இருக்கிறதா என்பது.

மேசையில் கழற்றும் முறை

விற்பவரின் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். மேகசினை உருவி, டாகிளை இழுத்துக் குழலறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதியுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. லூகரில் பக்கத் தகட்டை எடுத்தபின்னும் ரிசீவரின் பக்கத்தில் உள்ள சியர் பட்டையை அழுத்தினால், உள்ளே தோட்டா இருந்தால், வெடித்துவிடும். காவல்துறை கூடுதல் பூட்டுப் போட்டதே இதற்காகத்தான்.

பிறகு குழலின் வாயை ஒரு மரப்பலகையில் வைத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் பின்னால் அழுத்துங்கள். வில்லின் இழுவிசை தளர்ந்ததும் கழற்றும் நெம்பைக் கால்வட்டம் கீழே திருப்புங்கள். பக்கத் தகடு கையோடு வரும், ரிசீவர் முன்னால் வழுக்கி வரும். டாகிளைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்து, பின் இணைப்பு ஊசியைத் தள்ளினால் டாகிளும் போல்ட்டும் பின்பக்கமாக வெளியே வரும். இதற்கு மேல் மேசையில் கழற்ற வேண்டாம்.

கைப்பிடிப் பலகைக்குப் பொருத்தமான, பக்கங்கள் இணையாகத் தேய்த்த முனையுள்ள மரைதிருப்பி வேண்டும். சாதாரண ஆப்பு முனை திருகாணியின் தலையைக் கடித்துவிடும். இடது பலகையில் சேஃப்டி நெம்பை ஒட்டிய மேல்மூலை சில்லுப் போல் மெல்லியது. நெம்பைக் கீழே "கெசிஷெர்ட்" (ஜெர்மனில் 'பாதுகாப்பாகப் பூட்டியது') என்ற எழுத்து தெரியும் நிலைக்குக் கொண்டுவந்து, பலகையை அடியிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். சந்தையில் இருக்கும் லூகர்களில் பலவற்றில் அந்த மூலை உடைந்தே இருப்பது மேலிருந்து நெம்பியதால்.

திரும்பப் பூட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்று. டாகிளிலிருந்து தொங்கும் கொக்கி, சட்டகத்தில் உள்ள வில்லின் கவையில் மாட்டாமல் வெளியே போய்விடும். பூட்டியபின் டாகிளை இழுத்துப் பாருங்கள். வலுவான எதிர்ப்பு இருந்தால் மாட்டியிருக்கிறது, தொளதொளவென்று வந்தால் திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.

வாங்கியபின்

எண் பொருந்திய லூகரைச் சுடாதீர்கள் என்பதே எங்கள் பக்கம். எக்ஸ்ட்ராக்டரோ சுடும் ஊசியோ உடைந்தால், அந்த நொடியில் உடைவது ஐந்து டாலர் உலோகம் இல்லை, பொருத்தம். சுட்டே ஆக வேண்டுமென்றால் அசல் பாகங்களை எடுத்து உறையில் போட்டு, நகல் எக்ஸ்ட்ராக்டரும் புது மேகசினும் மாட்டிக்கொள்ளலாம். மெக்-கார் நிறுவனத்தின் மேகசின் நன்றாக வேலை செய்யும். குண்டின் எடை 115 முதல் 124 கிரெய்ன் வரையிலான சாதாரண 9 மி.மீ. தோட்டா போதும், அழுத்தம் கூடிய வகை வேண்டாம். ரொம்ப மென்மையான தோட்டாவும் தொல்லை: டாகிள் முழுதாக மடங்காமல் சிக்கும். தோட்டா ஏறாமல் மூக்கு இடித்து நிற்பதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள், பத்தில் ஏழெட்டு முறை காரணம் தளர்ந்த மேகசின் வில்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 1898 வரையிலானதுதான் "ஆன்டிக்", லூகர் அதற்குப் பிந்தியது. ஆனால் ஐம்பது வயது கடந்ததால் சேகரிப்பாளர் உரிமத்துக்குள் வரும். கனடாவில் 105 மி.மீ.க்கு மேற்படாத குழல் தடைவகை, ஆகவே சாதாரண பி.08 அதில் சிக்குகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். சுடக்கூடிய லூகருக்கு உரிமம் வேண்டும், 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்பதும் கணக்கில் வரும்.

அமிலமும் ஈரமும் உள்ள தோலுறைக்குள் துப்பாக்கியை ஒருபோதும் வைக்காதீர்கள். உறை தனியாக, துப்பாக்கி தனியாக. கழற்றிய பாகங்களைப் பருத்தித் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு, வெளிப்புறத்துக்கு ரினைசன்ஸ் என்ற பாதுகாப்பு மெழுகு. நீலத்தின்மேல் உலோக மெருகுப் பசை எதையும் போடக் கூடாது. வெறுங்கையால் தொட்டால் அன்றைக்கே துடைத்துவிடவும். சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரென்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு ஓர் ஈரமானியும் வேண்டும். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை அடுப்பில் வாட்டி மாற்றுங்கள்.